உடைமை வேறு, உறவு வேறு: மைன்கிராஃப்ட் நாயை முன்வைத்து ஒரு வழக்கு

நீண்ட பதிவு. "விளையாட்டுதானே" என்று சொல்லிக் கடந்துபோக விரும்புவோர் தாராளமாகக் கடந்து செல்லலாம். ஆனால் அந்தத் 'தானே' என்னும் சொல்லோடுதான் என் சச்சரவு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைன்கிராஃப்ட் ஆடுவோரிடையே ஓயாமல் எழும் ஒரு புலம்பல் உண்டு. எலும்பு கொடுத்துப் பழக்கிய நாய் எரிமலைக் குழம்பில் விழுந்து இறந்தது. க்ரீப்பர் வெடிப்பில் சிதறியது. எங்கோ மலைச்சரிவில் உட்கார வைத்தது இன்று எங்கிருக்கிறதென்றே தெரியவில்லை. இந்தப் புலம்பலுக்கு ஓயாமல் வரும் விடையும் ஒன்று உண்டு: "வீட்டிலேயே உட்கார வைத்திருக்க வேண்டியதுதானே?" இந்த விடையைச் சொல்வோர் ஒரு விளையாட்டு நுணுக்கத்தைச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்கள் அவ்விளையாட்டின் மிகப்பெரிய வடிவமைப்புத் தோல்வியை ஒப்புக்கொண்டு, அதற்கான பழியை ஆடுபவர்மீது சுமத்துகிறார்கள். அந்தப் பழி இடம் மாறி விழுந்திருக்கிறது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் வரலாறு, சுருக்கமாக. ஸ்டாக்ஹோமில் இயங்கும் மோஜாங் நிறுவனம் 2011 மார்ச் 31 அன்று வெளியிட்ட பீட்டா 1.4 பதிப்பில் ஓநாய் இவ்விளையாட்டுக்குள் வந்தது. முழுப் பதிப்பு வெளியானதே அதே ஆண்டு நவம்பரில்தான். அதாவது, விளையாட்டு முழுமை பெறுவதற்கு முன்பே நாய் அதற்குள் வந்துவிட்டது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து மோஜாங்கை வாங்கியது. 2023 அக்டோபரில் 30 கோடிப் பிரதிகள் விற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது. இத்தனை ஆண்டுகளிலும் இத்தனை செல்வத்திலும், அந்த நாயின் நடத்தையில் அடிப்படையான மாற்றம் எதுவும் நிகழவில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பழக்குதல் என்று இவ்விளையாட்டு எதைக் குறிப்பிடுகிறது? காட்டில் ஓநாயைக் காண்கிறோம். எலும்பை நீட்டுகிறோம். ஒவ்வோர் எலும்புக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. வாய்ப்பு அமைந்தால் இதயச் சின்னங்கள் பறக்கின்றன, கழுத்தில் சிவப்புப் பட்டை தோன்றுகிறது, ஓநாய் நாயாகி அமர்கிறது. அவ்வளவே. இடையில் அச்சம் இல்லை, தயக்கம் இல்லை, நாட்கள் இல்லை. பகடை உருட்டியதில் விழுந்த எண்தான் உறவு. விளையாட்டின் தரவுக்குள் சென்று பார்த்தால் அந்த நாய்க்கு இரண்டு பதிவுகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்: 'ஓனர்' என்று ஒன்று, 'சிட்டிங்' என்று ஒன்று. உன் உடைமையாளர் யார்? நீ உட்கார்ந்திருக்கிறாயா, இல்லையா? ஒரு நாய்க்கும் மனிதருக்கும் இடையே இவ்விரண்டு கேள்விகளுக்கு மேல் எதுவும் இல்லை என்று இந்த நிரல் கருதுகிறது.

தமிழில் இச்செயலுக்குரிய சொல்லைச் சற்று நிதானித்துப் பாருங்கள். பழக்குதல் என்பது பழகுதல் என்பதன் பிறவினை. ஒன்றைப் பழக்க வேண்டுமானால் நாமும் அதனோடு பழக வேண்டும். பழக்கம் இருபுறமும் படிகிறது. அடக்குதல் வேறு, பழக்குதல் வேறு என்பதை நம் மொழி தெளிவாகவே வைத்திருக்கிறது. மைன்கிராஃப்ட் செய்வது இரண்டும் அன்று. அது பத்திரப்பதிவு. நாயின் பெயரில் இருந்த வெற்றிடத்தில் உங்கள் பெயர் எழுதப்படுகிறது. பத்திரம் பதிவான பின் உங்களுக்கும் அதற்கும் பேச எதுவுமில்லை.

என் ஆய்வு மனித–விலங்கு உறவு பற்றியது என்பதால் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். மெய்யியலாளரும் விலங்குப் பயிற்சியாளருமான விக்கி ஹெர்ன் 1986-இல் 'ஆடம்ஸ் டாஸ்க்' என்ற நூலை வெளியிட்டார். பயிற்சி என்பது இரண்டு உயிர்கள் சேர்ந்து ஒரு பொதுமொழியை உருவாக்கிக்கொள்வது, கட்டளையிடும் உரிமையை மனிதர் ஈட்டியாக வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாட்டின் சாரம். நாய்க்கு "வா" என்று சொல்லக் கற்பிப்பவர், அது வந்தால் தாம் அங்கே இருப்பதாக வாக்களிக்கிறார். கட்டளை என்பது அதிகாரம் மட்டுமன்று, பொறுப்பும்கூட. இந்தக் கோணத்தில் பார்க்கும்போது மைன்கிராஃப்ட் நாயின் சிக்கல் அது கீழ்ப்படியவில்லை என்பதன்று. கீழ்ப்படிவதற்கோ மீறுவதற்கோ அதற்கு ஒரு சொல்கூடக் கொடுக்கப்படவில்லை என்பதே.

இனிக் குற்றப்பத்திரிகை.

ஒன்று. இந்த நாய்க்கு இரண்டே நிலைகள் உள்ளன: உட்கார்ந்திருத்தல், பின்தொடர்தல். மூன்றாவது இல்லை. வீட்டுமுற்றத்தில் உலாவு என்று சொல்ல இயலாது. வாசலில் காவல் இரு என்று சொல்ல இயலாது. ஆட்டுப்பட்டிக்கு அருகில் நில் என்று சொல்ல இயலாது. எழுந்து நிற்கும் நாய் உங்களைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். பின்தொடர வேண்டாமென்றால் அது அசையாமல் அமர்ந்தே ஆக வேண்டும். கழுத்துப்பட்டைக்கு 16 வண்ணங்களில் சாயம் பூசலாம்; அதை அணிந்திருக்கும் உயிருக்கு வாழ்வதற்கு இரண்டே வழிகள்.

இரண்டு. போரில் இந்த நாய்க்கு நிதானம் கிடையாது. நீங்கள் அடித்ததை அது அடிக்கும்; உங்களை அடித்ததை அது அடிக்கும். ஜாவா பதிப்பில் க்ரீப்பர், காஸ்ட் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. மற்றபடி பள்ளத்தின் விளிம்போ எரிமலைக் குழம்பின் கரையோ எதுவாயினும், இலக்கை நோக்கித் தாவுவதுதான் அதன் நிரல். "பொறு" என்று சொல்ல வழியில்லை. நெதர் உலகில் தவறுதலாக ஒரு ஜாம்பிஃபைட் பிக்லின்மீது அம்பு பட்டால், அக்கம்பக்கத்துக் கூட்டம் முழுவதும் உங்கள்மேல் பாயும். நாயோ அந்தக் கூட்டத்தின் நடுவில் போய் நிற்கும். பின்வாங்க முடிவெடுத்து நீங்கள் ஓடுகிறீர்கள். அந்த முடிவை நாய்க்குத் தெரிவிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அருகில் ஓடிச்சென்று, அசைந்துகொண்டிருக்கும் அதன் உடல்மேல் குறிபார்த்துச் சொடுக்கி, போர்க்களத்தின் நடுவே அதை உட்கார வைக்கலாம். காப்பாற்றும் முயற்சியும் மரண தண்டனையும் ஒரே சொடுக்காக இருக்கும் விந்தை இது.

மூன்று. இந்த நாய் தொலைந்தால் தேட வழியில்லை. பின்தொடரும் நாய் சுமார் 12 கட்டிகளுக்கு அப்பால் நீங்கள் சென்றால் உங்கள் அருகே தோன்றிவிடும் என்பது விதி. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் உலகம் சங்க் எனப்படும் 16-க்கு 16 துண்டுகளாகவே கணிப்பொறியின் நினைவில் ஏறி இறங்குகிறது. 2016-இல் வந்த எலிட்ரா இறக்கைகளை அணிந்து வேகமாகப் பறந்தால், நாய் நிற்கும் துண்டு நினைவிலிருந்து இறங்கிவிடுகிறது; அதனோடு நாயும் உறைந்துவிடுகிறது. வேறு உலகத்துக்குச் செல்லும் வாயிலில் நீங்கள் நுழைந்தால் அது தானாக உடன் வராது. பிடித்துத் தள்ளத்தான் வேண்டும். உட்கார்ந்த நாயோ நீங்கள் மீண்டு வரும்வரை உட்கார்ந்தே இருக்கும். எங்கே என்ற குறிப்பு எங்கும் பதிவாகாது. கூப்பிட ஒரு சீழ்க்கை கிடையாது. ஆனால் அது இறந்துவிட்டால் மட்டும் ஜாவா பதிப்பு உங்களுக்கு முறையாகச் செய்தி அனுப்பும். இன்னாரால் கொல்லப்பட்டது என்று ஒரு வரி. எந்த இடத்தில் என்பது இல்லை. வாழ்நாள் முழுவதும் முகவரி தராத அஞ்சலகம் இழவுச் செய்தியை மட்டும் தவறாமல் கொண்டுவந்து சேர்க்கிறது.

நான்கு. இந்த நாய்க்கு நினைவு இல்லை. இதுதான் தலையாய குற்றம். உங்கள் நாயை நீங்களே வாளால் அடியுங்கள். அது திருப்பித் தாக்காது என்பது இருக்கட்டும். விலகாது, தயங்காது, மறுநாள் உங்களைக் கண்டு ஒதுங்காது. ஒரு துண்டு இறைச்சி கொடுத்தால் காயமும் கதையும் முடிந்தன. பல நூறு இரவுகள் உடன் போரிட்ட நாய்க்கும் சற்று முன் எலும்பு தின்ற நாய்க்கும் நடத்தையில் இம்மியளவும் வேறுபாடில்லை. உங்களோடு கழித்த காலம் அதன்மீது எந்தச் சுவடையும் விடுவதில்லை. அதை விடுவிக்கவும் முடியாது. பழக்கியபின் காட்டுக்கு அனுப்பவோ நண்பருக்கு மனமுவந்து கொடுக்கவோ விளையாட்டின் இயல்பான விதிகளுக்குள் வழி இல்லை. உறவில் வளர்ச்சியும் இல்லை, முறிவும் இல்லை. வளராத, முறியாத ஒன்றை உறவு என்று எப்படி அழைப்பது?

"எளிய விளையாட்டு, அதில் இத்தனை நுட்பங்களை எதிர்பார்க்கலாமா?" என்ற மறுப்பு இவ்விடத்தில் எழும். எழட்டும். இதே விளையாட்டிலிருந்து சில உயிர்களை முன்னே நிறுத்துகிறேன்.

2019 டிசம்பரில் வந்த தேனீ. தன் கூடு எதுவென்று அதற்குத் தெரியும். இரவானாலும் மழை வந்தாலும் கூடு திரும்பும். அதே 2019-இல் 1.14 பதிப்பு கிராமத்து மக்களுக்குப் படுக்கையும் தொழிலிடமும் தந்தது. பகலில் வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறார்கள். அதற்கும் மேலாக, நீங்கள் ஒருவரை அடித்தால் அந்தச் செய்தி ஊரில் பரவும். கடையில் விலை ஏறும். நற்பெயர் மிகவும் கெட்டால் ஊர்க்காவல் இரும்புப் பூதம் உங்கள்மேல் பாயும். 2022-இல் வந்த அலே என்னும் சிறு நீல உயிர், நீங்கள் கொடுத்த பொருளை நினைவில் கொண்டு அதுபோன்றவற்றைத் தேடி எடுத்து வருகிறது. இசைக்கட்டி ஒலித்தால் சிறிது நேரம் அதைத் தன் இருப்பிடமாகக் கொள்கிறது. 2025-இல் வந்த ஹேப்பி காஸ்ட், தன் இடத்தைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் உலவுகிறது.

ஆக, இவ்விளையாட்டுக்கு வீடு தெரியும். நினைவு தெரியும். பகை தெரியும், வதந்திகூடத் தெரியும். தேனீக்கு வீடு இருக்கிறது, நாய்க்கு இல்லை. கிராமத்தவரை அடித்தால் விலை ஏறுகிறது, நாயை அடித்தால் ஒன்றுமே நிகழ்வதில்லை. ஆகவே இயலாமை என்ற வாதம் செல்லாது. எளிமை என்ற வாதமும் செல்லாது. வதந்தி பரப்பும் ஊரை உருவாக்கியவர்கள் எளிமைமீது கொண்ட பற்றினால் நாயை ஊமையாக வைத்திருக்கிறார்கள் என்பதை நம்பச் சொல்வது நம்மை ஏமாற்றுவதாகும்.

அப்படியானால் இத்தனை காலம் நாய்க்கு என்ன செய்தார்கள்? 2024 ஏப்ரலில் 1.20.5 பதிப்பு எட்டுப் புதிய ஓநாய் வகைகளைக் கொண்டுவந்தது; பழையதோடு சேர்த்து ஒன்பது. பழக்கிய நாயின் உயிர்ப்புள்ளி 20-இலிருந்து 40 ஆக உயர்ந்தது. அர்மடில்லோ உதிர்க்கும் ஆறு ஓட்டுத் துண்டுகளால் நாய்க்குக் கவசம் செய்யும் வசதி வந்தது. 2025-இல் வெவ்வேறு குரல்கள் வந்தன. தோல் மாறியது, குரல் மாறியது, ஓடு தடித்தது. உள்ளே இருக்கும் உயிர் 2011-இல் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் அந்தக் கவசத்தின் கதை தனியே கவனிக்கத்தக்கது. 2023-இல் நடந்த வாக்கெடுப்பில் நண்டும் பென்குவினும் அர்மடில்லோவும் போட்டியிட்டன, அர்மடில்லோ வென்றது. உருண்டு சுருளும் அந்தச் சிற்றுயிரின் அழகுக்காக மட்டும் மக்கள் வாக்களித்தார்கள் என்று நான் கருதவில்லை. நாய்க்குக் கவசம் என்ற வாக்குறுதி அதனோடு சேர்ந்து வந்தது. நாய் சாகாமல் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் ஆடுவோரிடம் எவ்வளவு ஆழமாக உள்ளது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்த ஏக்கத்துக்குக் கிடைத்த மறுமொழி: "நாய் இனியும் பள்ளத்தில் பாயும்; ஆனால் சற்றுத் தாமதமாகச் சாகும்."

அடுத்த மறுப்பு சற்றுக் கௌரவமானது. "இழப்பு இருந்தால்தான் பாசத்துக்குப் பொருள் உண்டு. சாகாத நாய்மேல் யாருக்கு அன்பு வரும்?" என்று கேட்கிறார்கள். இதை முழுமனத்தோடு ஏற்கிறேன். டெரேரியா விளையாட்டில் துணையாக வரும் செல்லப்பிராணிகளுக்குச் சாவில்லை. அவை அணிகலன்கள்போல் உடன் மிதந்து வருகின்றன, மனத்தில் தங்குவதில்லை. சாவு வேண்டும். ஆனால் எந்தச் சாவு? நான் அவசரப்பட்டேன், அதனால் நாய் இறந்தது என்றால் அது துயரம். அதில் பாடம் உண்டு, குற்றவுணர்வுக்கு நியாயம் உண்டு. "பொறு" என்று சொல்ல எனக்கு வாயில்லை, கேட்க அதற்குச் செவியில்லை, அதனால் இறந்தது என்றால் அது விபத்துகூட அன்று, வடிவமைப்பின் கவனக்குறைவு. ஆற்றலைக் கொடுக்காமல் பொறுப்பைச் சுமத்துவது அறமாகாது. எந்த நாட்டு நீதியிலும் ஆகாது, கட்டிகளால் ஆன நாட்டிலும் ஆகாது.

மூன்றாவது மறுப்பு: "உண்மையான விலங்கும் சொன்னபடி கேட்பதில்லையே, இது இயல்பைத்தானே காட்டுகிறது?" இங்கேதான் ஒரு நுட்பமான குழப்பம் இருக்கிறது. மைன்கிராஃப்ட் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெட்டகத்தின்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். அது அமர்ந்திருக்கும்வரை பெட்டகத்தைத் திறக்க முடியாது. எரிச்சல்தான். ஆனால் பூனையோடு வாழ்ந்த எவரும் அதைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியாது. காலையில் நீங்கள் உறங்கி எழும்போது ஓர் இறகையோ முயல்காலையோ அழுகிய இறைச்சியையோ பரிசாகக் கொண்டுவந்து போடவும் செய்யும். அதற்கென்று ஒரு விருப்பம் இருக்கிறது. அந்த விருப்பம் உங்கள் வசதிக்குக் குறுக்கே நிற்கிறது. குறுக்கே நிற்பதால்தான் அது ஓர் உயிராகத் தெரிகிறது. நாய் பள்ளத்தில் பாய்வதில் அப்படி என்ன விருப்பம் வெளிப்படுகிறது? கீழ்ப்படியாமை என்பது குணம். வெறுமை குணம் ஆகாது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் விலங்கையும் அறியவில்லை, விளையாட்டையும் அறியவில்லை.

நான் அடிமை நாய் கேட்கவில்லை என்பதை வலியுறுத்தவே இதைச் சொல்கிறேன். ஃபுமிட்டோ உவேடா இயக்கி 2016-இல் வெளிவந்த 'தி லாஸ்ட் கார்டியன்' விளையாட்டில் டிரிகோ என்னும் மாபெரும் விலங்கு, அழைத்தால் உடனே வராது. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். பலர் எரிச்சலுற்றார்கள். ஆனால் அங்கே காத்திருப்பதற்குப் பொருள் இருந்தது. நம்பிக்கை மெல்ல வளர்ந்தது. 2001-இல் பீட்டர் மோலிநியூவின் குழு உருவாக்கிய 'பிளாக் அண்ட் ஒயிட்' விளையாட்டில் உங்கள் விலங்கு உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தடவிக்கொடுத்தால் ஒரு செயல் வலுப்படும், அறைந்தால் தளரும். அதன் செயற்கை அறிவை ரிச்சர்ட் எவன்ஸ் வடித்தார். அதற்கும் ஐந்தாண்டு முன்னர், 1996-இல், ஸ்டீவ் கிராண்ட் 'கிரியேச்சர்ஸ்' விளையாட்டின் நார்ன்களுக்கு ஒரு சிறு நரம்பு வலையையும் உடல் வேதியியலையும் கொடுத்துவிட்டார். அன்றைய வீட்டுக் கணிப்பொறியில் ஓடியது அது. இன்று உலகிலேயே அதிகம் விற்ற விளையாட்டின் நாய் அந்த நார்னுக்கு மாணவனாகக்கூடத் தகுதி பெறவில்லை.

கற்றல் வேண்டாம், வெறும் கட்டளை போதும் என்றாலும் முன்மாதிரி இருக்கிறது. 2017-இல் முழுமையாக வெளியான 'ஆர்க்' விளையாட்டில் பழக்கிய விலங்குகளுக்குச் சீழ்க்கையடித்துப் பின்தொடரவும் நிற்கவும் சொல்லலாம். தாக்கலாமா, தற்காக்க மட்டும் வேண்டுமா, அமைதியாய் இருக்க வேண்டுமா என்று நிலைப்பாட்டையும் மாற்றலாம். அவ்விளையாட்டு குறைகளற்றது என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனால் "பொறு" என்ற சொல் அதன் அகராதியில் இருக்கிறது.

நான்காவது மறுப்பு: "மாட் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" ஆம், போட்டுக்கொள்ளலாம். 'டாகி டேலண்ட்ஸ்' என்ற மாட் நாய்க்குச் சாதுவாய் இரு, உலாவு, தாக்கு என்று பல நடத்தை நிலைகளையும் திறன்களையும் பல ஆண்டுகளாகவே தந்துவருகிறது. இது எதை நிறுவுகிறது? ஊதியமில்லாத் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்துவிட்டதை மைக்ரோசாஃப்ட் பணத்தில் இயங்கும் நிறுவனம் செய்யவில்லை என்பதைத்தான். கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவியிலும் ஆடும் பிள்ளைகளுக்கு அந்த மாட் எட்டாது என்பதும் கவனத்துக்குரியது. நம் நாட்டில் எத்தனை வீடுகளில் முதல் மைன்கிராஃப்ட் அப்பாவின் கைப்பேசியில்தான் திறக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் என்றேன். பந்தயப் பொருள் அங்கேதான் இருக்கிறது.

மோஜாங் இதை அறியாத நிறுவனம் அன்று. 2017-இல் 1.12 பதிப்பில் கிளிகள் வந்தபோது, முன்னோட்டப் பதிப்பில் அவற்றைக் குக்கி கொடுத்துப் பழக்கும்படி வைத்திருந்தார்கள். சாக்லேட் கிளிகளுக்கு நஞ்சு, பிள்ளைகள் வீட்டுக் கிளிக்கும் அதைக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று ஆடுவோர் எச்சரித்தனர். உடனே மாற்றினார்கள்: விதை கொடுத்தால் கிளி பழகும், குக்கி கொடுத்தால் இறந்துவிடும். 2022-இல் தவளைகளுக்கு இரையாக மின்மினிகளைக் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தார்கள். சில தவளைகளுக்கு மின்மினி நஞ்சு என்று தெரிந்ததும் அந்தப் பதிப்பிலிருந்தே அவற்றை நீக்கினார்கள். இரண்டு முடிவுகளையும் நான் மெச்சுகிறேன். திரையில் கற்பது திரைக்கு வெளியே போகும் என்ற உண்மையை அவர்களே ஏற்றுக்கொண்ட தருணங்கள் அவை.

அப்படியானால் நான் கேட்கிறேன்: கிளி எதைத் தின்னும் என்பது பிள்ளையின் மனத்தில் பதியும், நாயை அடித்தால் ஒன்றும் ஆகாது என்பது மட்டும் பதியாதா? தவளையின் இரைப்பைமீது உள்ள அக்கறை நாயின் நினைவுமீது ஏன் இல்லை? ஓர் எலும்பில் உறவு முடிந்துவிடும், தொந்தரவானால் மூலையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடலாம், திரும்பி வரும்வரை அது பசியின்றி, சலிப்பின்றி, கேள்வியின்றிக் காத்திருக்கும் என்ற பாடத்தைக் கோடிக்கணக்கான பிள்ளைகள் தங்கள் வாழ்வின் முதல் செல்லப்பிராணியிடமிருந்து கற்கிறார்கள். பலருக்கு அதுவே ஒரே செல்லப்பிராணி. வாடகை வீட்டுக்காரரும் அடுக்ககச் சங்கமும் நாய்க்குத் தடை விதிக்கும் நம் பெருநகரங்களில் இது உருவகமன்று.

பிள்ளைகள் விளையாடும் உலகங்களுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். நாயை நேசிக்கும் பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் ஓர் அறை இருக்கும். அதில் வரிசையாக நாய்கள் அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப் பட்டை. ஒன்றும் அசையாது. வெளியே கூட்டிப்போனால் செத்துவிடும் என்பதால் அந்தப் பிள்ளை அவற்றை அங்கே வைத்திருக்கிறது. அன்பு மிகுந்த பிள்ளைதான் நாயை அசையவிடாமல் வைத்திருக்கிறது. அன்பில்லாத பிள்ளை அதைப் போருக்கு இழுத்துச்சென்று கொன்றுவிடுகிறது. நேசிப்பதற்கு இவ்விரண்டே வழிகளை விட்டுவைத்த ஒரு வடிவமைப்பைப் பற்றித்தான் "உட்கார வைத்திருக்க வேண்டியதுதானே" என்கிறார்கள்.

வெறும் குறைகூறலோடு நிறுத்துவது ஆய்வாளனுக்கு அழகன்று. ஆகவே கோரிக்கைகள் நான்கு; நான்குமே இவ்விளையாட்டில் ஏற்கெனவே உள்ள உறுப்புகளால் இயலக்கூடியவை.

முதலாவது, வீடு. தேனீக்குக் கூடு இருப்பதுபோல் நாய்க்கு ஒரு படுக்கையோ கூண்டோ இருக்கட்டும். அதைச் சுற்றி அது உலாவட்டும், இரவில் திரும்பட்டும்.

இரண்டாவது, சொல். ஒரு சீழ்க்கை போதும். வா, பொறு. இவ்விரண்டு சொற்கள் தொலைவிலிருந்தே நாயை எட்டட்டும்.

மூன்றாவது, இடக்குறிப்பு. கடைசியாக எங்கே உட்கார வைத்தோம் என்பதைக் கழுத்துப்பட்டையோடு இணைத்துக் காட்ட ஒரு திசைகாட்டி போதும். இறந்த இடத்தைக் காட்ட ஆடுபவருக்கே 2022-இல் ஒரு திசைகாட்டி தந்தவர்கள், உயிருள்ள நாயின் இடத்தைக் காட்ட ஒன்றைத் தரலாகாதா?

நான்காவது, நினைவு. கிராமத்தவருக்கு உள்ள நற்பெயர்க் கணக்கில் பாதியேனும் நாய்க்கு வேண்டும். உடன் இருந்த நாட்கள் அதன் நடத்தையில் தெரிய வேண்டும்: அடித்தால் தயங்க வேண்டும், நெடுநாள் பழகியபின் விளிம்பில் நின்று யோசிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் பிரிந்துபோகும் உரிமையும் அதற்கு வேண்டும். பிரிய முடியாத ஒன்று உடன் இருப்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இந்த நான்காவது கோரிக்கையைக் கேட்டதும், கீழ்ப்படிதல் மட்டும் வேண்டும் என்று என்னோடு இதுவரை தலையாட்டிவந்த நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று அறிவேன். "நாய் நம்மைவிட்டுப் போவதா?" என்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பொத்தானை அழுத்தினால் இயங்கும் நாய்தான் உங்கள் கனவு என்றால், நீங்கள் நிறுவனத்தோடு முரண்படவில்லை. பொத்தான்களின் எண்ணிக்கையில்தான் முரண்படுகிறீர்கள். என் வழக்கு உங்கள் வழக்கு அன்று.

ஓநாய் நாயாக மாறிய கதை ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது. நெருப்பின் வெளிச்சத்துக்கு அப்பால் நின்ற ஒரு விலங்கும், நெருப்பின் அருகே அமர்ந்த ஒரு விலங்கும், ஒன்றையொன்று பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துப் பழகிய கதை அது. அதை ஒரே எலும்பில் சுருக்கியதைக்கூட மன்னிக்கலாம். விளையாட்டுக்குச் சுருக்கம் தேவை. எலும்பு கொடுத்த பிறகு அந்தக் கதை தொடராமல் போனதைத்தான் மன்னிக்க இயலவில்லை.

மாற்றுக் கருத்துடையோர் வாதிடலாம், வரவேற்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: "உட்கார வைத்திருக்க வேண்டியதுதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக அது உட்கார்ந்துதான் இருக்கிறது.